கேட்டைக்கு அஞ்சலாமா

பிப்ரவரி கடைசியில் என் இளைய மகனுக்கு ஒரு ஜாதகம் வந்தது. பெண்ணின் நட்சத்திரம் கேட்டை. என்னுடையதும் அதுதான். கேட்டைப் பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள். அந்த ஒரு சொல்லால் 1983-இல் எனக்கு வந்த முதல் வரன் தட்டிப்போனது. பிறகு வீட்டுக்கு மூத்த பிள்ளையாகப் பார்த்துக் கட்டிவைத்தார்கள். புனே ராஸ்தா பேட்டைக்கு வந்து சேர்ந்தேன். இன்று எனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். ஜாதகத்தைப் படித்ததும் மூத்தவன் முகம் கண்முன் வந்தது. என்னை அழவைத்த அதே பயம் என் வயிற்றையும் பிசைந்தது.

நான் தினமும் தேவாரம் ஓதுகிறவள். சம்பந்தர் பாண்டிநாட்டுக்குப் புறப்படும்போது, நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்ததும், அதற்கு மறுமொழியாகக் கோளறு பதிகம் பிறந்ததும் எனக்குச் சிறுவயதுப் பாடம். வாயால் ஓதியது நெஞ்சில் ஏறவில்லையே என்ற வெட்கம் வாட்டியது.

அந்த வாரமே, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளன்று, மூத்தவன் என்னைக் கோடத் கிராமத்துக்கு அழைத்துப்போனான். புனேயிலிருந்து வடக்கே 80 கிலோமீட்டர், நாராயண்காவுக்குப் பக்கம். ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 ரேடியோ தொலைநோக்கிகள் அங்கே வானைப் பார்த்து நிற்கின்றன. அங்கே அன்று நடந்த கண்காட்சியில் ஓர் ஆராய்ச்சி மாணவியிடம் கேட்டையைப் பற்றிக் கேட்டேன். "ஜேஷ்டாவா!" என்று முகம் மலர்ந்தாள். கேட்டை என்பது மூன்று விண்மீன்கள்; நடுவில் இருப்பது சிவப்பு அன்டாரஸ். அதன் பக்கத்து மீன்களில் ஒன்று டௌ ஸ்கார்ப்பியை. அவளுக்குப் பிடித்தது அதுதானாம்.

அதன் வெப்பம் 30,000 டிகிரிக்கும் மேல். அதன் ஒளியே தன் மேற்பரப்பு வாயுவை வெளியே தள்ளுகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. இத்தகைய வெப்ப விண்மீன்களில் வேகமான காற்று மெதுவான காற்றில் மோதிச் சூடேறும். எக்ஸ் கதிர் பிறக்கும். டௌவில் இன்னொன்றும் உண்டு: பூமியைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு காந்தம். மின்னூட்டம் கொண்ட காற்று காந்தக் கோடுகளை விட்டு விலக முடியாது. கோடு வளையும் இடத்தில் இரு முனைகளிலிருந்தும் ஏறிவரும் காற்று நேருக்கு நேர் மோதுகிறது. வெப்பம் கோடி டிகிரியைத் தொடும். எக்ஸ் கதிர் இன்னும் வீரியமாக வெளிப்படும். இப்படிக் காந்தமுள்ள வெப்ப விண்மீன்கள் சில, கலங்கரை விளக்கம்போல் ரேடியோத் துடிப்புகளையும் வீசும். புனேயின் பர்னாலி தாஸ், பூனம் சந்திரா ஆகியோரின் குழு இந்தக் கோடத் தொலைநோக்கியால் அத்தகைய எட்டு மீன்களைக் கண்டறிந்ததாக 2021-இல் அறிவித்தது.

வீடு திரும்பி நாத்தனாரிடம் சொன்னேன். "பாத்தீங்களா அண்ணி, அங்கேருந்து கதிர் வருதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அது நம்மளைத் தொடாம விடுமா?" என்றாள். நியாயமான கேள்வி. அன்றிரவு அதையே யோசித்தேன்.

கதிர் புறப்படுவது உண்மை. ஆனால் எக்ஸ் கதிரைக் காற்று மண்டலம் தடுத்துவிடும். 2015-இல் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்பியதே அதனால்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் ஏறத்தாழ 470 வருஷம் நடந்து வருகிறது. கோடத்துக்குப் போகும் வழிக்கு அருகிலுள்ள சிவனேரிக் கோட்டையில் 1630-இல் சிவாஜி பிறப்பதற்கு முன்பே கிளம்பிய ஒளி அது. இன்னும் பிறக்காத ஒரு பெண்ணுக்காக அது கிளம்பவில்லை. ஜன்ம நட்சத்திரம் என்பதும் நாம் பிறந்தபோது சந்திரன் நின்ற வான்பகுதியின் பெயர்தான்.

இதற்கும் மேலே ஒரு கேள்வி உண்டு; அது சமயத்தின் கேள்வி. சைவ சித்தாந்தம் உலகப் பொருள்களை மாயையின் காரியம், சடம் என்கிறது. சடத்துக்கு அறிவில்லை. வினைகூட அறிவற்றதுதான், அதன் பயனை உரியவரிடம் சேர்ப்பவன் இறைவன் ஒருவனே. அப்படியிருக்க, தன் காற்றையே தன் கட்டிலிருந்து விடுவிக்கத் தெரியாத ஒரு மீன், ஒரு வீட்டில் அண்ணன் யார் தம்பி யார் என்று எப்படிப் பிரித்தறியும்? அதற்கு அந்த அறிவைக் கொடுத்தால், தீர்ப்புச் சொல்லும் இடத்தை இறைவனிடமிருந்து பறித்துச் சடத்துக்குக் கொடுத்தவள் ஆகிறேன். இதைவிடப் பெரிய அபசாரம் எது? அறியாத ஒரு பெண்மேல் அந்தப் பழியைப் போடுவது அதனினும் பாவம்.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போனேன். தென்கிழக்கில் சிவப்பாக அன்டாரஸ். அதன் கீழே அடக்கமான வெள்ளைப் புள்ளியாக டௌ. எத்தனை மோதல், எத்தனை கொதிப்பு! இங்கே நிற்பவளுக்கு அது ஒரு துளி வெளிச்சம். முதல் முறையாக என் நட்சத்திரத்தைப் பார்த்துக் கைகூப்பினேன்; அஞ்சியல்ல, அதைப் படைத்தவனை நினைத்து.

பயம் அடியோடு போய்விட்டதென்று சொல்ல மாட்டேன். பெற்ற வயிறு அப்படித்தான். ஆனால் பயத்துக்குக் கீழ்ப்படிவதில்லை என்று முடிவு செய்தேன். காலை பத்து மணிக்குப் பெண்ணின் தாயாருக்குப் போன் செய்தேன். "ஜாதகம் பாத்திருப்பீங்க… அவளுக்குக் கேட்டை…" என்று இழுத்தார், மன்னிப்புக் கேட்கும் குரலில். என் அம்மாவின் குரலும் அன்று இப்படித்தான் இருந்தது.

"எனக்கும் கேட்டைதாங்க," என்றேன். "எப்போ பொண்ணு பார்க்க வரட்டும்?"