செல்லாத சாட்சி

1913 மார்ச் 14. தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண நீதிமன்றத்தில் நீதிபதி மால்கம் சேர்ல் ஒரு குடியேற்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னார். ஹசன் ஈசோப் என்ற இந்திய முஸ்லிம், பிறந்த நாட்டுக்குப் போய் பாய் மரியம் என்ற பெண்ணை நிக்காஹ் செய்து அழைத்து வந்திருந்தார். குடியேற்ற அதிகாரிகள் அந்தப் பெண்ணை உள்ளே விடவில்லை. இங்கே குடியிருக்க உரிமை உள்ளவரின் மனைவி நாட்டுக்குள் வரலாம் என்று சட்டமே சொல்கிறதே என்று கணவர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி அந்தச் சட்டத்தை மறுக்கவில்லை. மரியம் மனைவிதானா என்பதில் கை வைத்தார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின் முறைப்படி நடந்த திருமணம் தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் பார்வையில் திருமணமே ஆகாது என்றார்.

ஒரு பெண்ணின் வழக்கு அந்த ஒரு பெண்ணோடு நிற்கவில்லை. முஸ்லிமுக்குச் சொன்னது இந்துவுக்கும் பார்சிக்கும் பொருந்தும். தாலி கட்டிக்கொண்டு, மூன்று நான்கு பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்த கிழவிகள்கூடச் சட்டத்தின் கண்ணில் வெறும் வைப்பாட்டிகள் ஆனார்கள். பிள்ளைகள் முறையற்றுப் பிறந்தவர்கள் ஆனார்கள். தகப்பன் சொத்தில் அவர்களுக்கு உள்ள பாத்தியதை கேள்விக்குறியானது. சுமார் 60 லட்சம் பேர் வாழ்ந்த அந்த நாட்டில் இந்தியர்கள் ஒன்றரை லட்சம் பேர்தான். அவர்களில் பெரும்பாலோர் 1860 முதல் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களும் அவர்கள் வழி வந்தவர்களும்.

ஒரு திருமணத்தைத் திருமணமாக்குவது எது? இந்தப் பழைய கேள்விக்கு ஒவ்வொரு சமயமும் தன் வழியில் பதில் வைத்திருக்கிறது. இந்துவுக்கு அக்கினி சாட்சி. முஸ்லிமுக்கு மஹரும், ஒப்பந்தத்தைக் காதால் கேட்ட இரண்டு சாட்சிகளும். கிறிஸ்தவருக்குத் தேவன் முன்னிலையும் சபையும். எங்கும் சாட்சி உண்டு. இருவர் சேர்ந்து வாழ்வதைத் தாண்டி, 'நான் கண்டேன்' என்று சொல்ல மூன்றாவது ஒன்று வேண்டும். தமிழில் இந்தச் சொல்லின் வேர் இன்னும் ஆழமாக ஓடுகிறது. நீதிமன்றத்தில் ஏறி நிற்பது சாட்சிக் கூண்டு. தப்புச் செய்யும்போது உள்ளே குத்துவது மனச்சாட்சி. வெளியே நின்று பார்ப்பதும் உள்ளே இருந்து பார்ப்பதும் நமக்கு ஒரே சொல்.

அரசும் ஒரு சாட்சி கேட்கலாம். பதிவேடு கேட்பதில் தவறில்லை. கைவிடப்பட்ட பெண்ணுக்கும் சொத்துக் கேட்கும் பிள்ளைக்கும் அந்த ஏடுதான் பிற்பாடு துணைக்கு வருகிறது. பலதார மணத்தால் பெண்கள் பட்ட பாட்டையும் யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கேப் நீதிமன்றம் கேட்டது பதிவேடு மட்டும்தானா? ஈசோப்புக்கு வேறு மனைவி உண்டா என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு அமையவில்லை. இன்னொருத்தியைக் கட்ட அவருடைய மதம் இடம் தருகிறது என்பதே போதுமானதாக இருந்தது. மனிதன் செய்ததற்கு அன்றி, அவன் பிறந்த கூட்டம் செய்யக்கூடும் என்று கருதப்பட்டதற்குத் தண்டனை.

அந்த நாட்டின் சட்டங்களுக்கு இது புதிய வித்தையும் இல்லை. 1897இல் அங்குள்ள நேட்டால் பகுதி கொண்டுவந்த குடியேற்றச் சட்டத்தில் 'இந்தியன்' என்ற சொல்லே கிடையாது. ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. தமிழிலும் குஜராத்தியிலும் கணக்கெழுதி வியாபாரம் பார்த்தவன் கரையோடு திரும்ப வேண்டியதுதான். இந்த உபாயம் பிடித்துப்போய் 1901இல் ஆஸ்திரேலியாவும் எழுத்துத் தேர்வு வைத்து வெள்ளையர் அல்லாதவரைத் தடுத்தது. தீர்ப்பு வந்த 1913ஆம் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்கா புதிய குடியேற்றச் சட்டம் இயற்றியது. பொருளாதாரக் காரணத்தாலோ, வாழ்க்கைத் தரத்தாலோ, பழக்கவழக்கத்தாலோ தகுதியற்றவர் என்று அமைச்சர் கருதும் எவரையும் தடுக்கலாம் என்றது அது. தோலின் நிறத்தை எழுதாமலே ஆளைப் பிரிக்க மொழி, பழக்கம், மதம் என்று ஒவ்வொரு வேலியாகப் போட்டார்கள்.

அவர்கள் வேலி போட்ட அதே இடத்தில்தான் இந்தியர்களின் எதிர்ப்பும் வேர் பிடித்திருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன், 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் நாடக அரங்கில் கூட்டம். டிரான்ஸ்வாலில் உள்ள ஒவ்வொரு ஆசியரும் கைரேகை பதிந்து சீட்டு வாங்க வேண்டும் என்ற சட்ட வரைவுக்கு எதிராகத் தீர்மானம் போட இந்தியர்கள் கூடியிருந்தார்கள். சேட் ஹாஜி ஹபீப் என்ற முதிய வியாபாரி எழுந்து, கடவுளைச் சாட்சியாக வைத்துச் சபதம் எடுப்போம் என்றார். அரங்கில் இருந்த காந்தி திடுக்கிட்டுப் போனதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். தீர்மானம் வேறு, சபதம் வேறு. தீர்மானத்தைப் பெரும்பான்மை பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஆண்டவன் பெயரால் கொடுத்த வாக்கை, மற்ற எல்லாரும் விட்டுப் போனாலும் ஒற்றை ஆளாக நின்று காக்க வேண்டும். இதைக் காந்தி விளக்கிச் சொல்லி, யோசித்து எடுங்கள் என்று எச்சரித்த பிறகுதான் எல்லாரும் எழுந்து கையை உயர்த்தினார்கள்.

சட்டத்தைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு என்று அன்று சொன்னவர்களின் வீட்டுக்குள் நுழைந்து, உங்கள் சாட்சி செல்லாது என்றது 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தாக்குதல் திண்ணையைத் தாண்டி அடுப்படி வரை வந்துவிட்டது. அதுவரை பெண்களைச் சிறைக்கு அனுப்பத் தயங்கிய காந்தியும் இப்போது அவர்களைத் தடுக்கவில்லை. செப்டம்பரில் அவருடைய மனைவி கஸ்தூர்பா உள்ளிட்ட, நேட்டாலில் இருந்த பீனிக்ஸ் ஆசிரமத்தார் அனுமதியின்றி டிரான்ஸ்வால் எல்லை கடந்து கைதானார்கள். டிரான்ஸ்வாலில் இருந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் இடுப்பில் கைக்குழந்தையோடு, எதிர்த்திசையில் நேட்டாலுக்குள் நடந்தார்கள். எல்லையில் போலீஸ் கண்டுகொள்ளவில்லை. நேரே நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள்.

சுரங்கத்தில் இருந்தவர்களுக்குத் திருமணச் சட்டத்தைவிடச் சுட்ட நெருப்பு வேறு. ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி கட்ட வேண்டும். கணவனுக்கு 3, மனைவிக்கு 3, 16 வயது மகனுக்கு 3, 13 வயது மகளுக்கு 3. ஆக மொத்தம் ஒரு குடும்பத்துக்கு 12 பவுன், அதாவது 240 ஷில்லிங். குடும்பத் தலைவனின் வருமானம் சராசரியாக மாதம் 14 ஷில்லிங் என்று காந்தி கணக்குச் சொல்கிறார். ஆண்டு முழுக்க உழைத்தாலும் 168 ஷில்லிங்தான். வரி கட்ட முடியாதவன் மறுபடி ஒப்பந்தத்தில் விழ வேண்டும், அல்லது கப்பலேற வேண்டும். அதற்காகவே போட்ட வரி அது. அந்தப் பெண்கள் பேசிய பேச்சில் சுரங்கங்கள் நின்றன. நவம்பர் 6 அன்று 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது.

நியூகாசிலில் பேசிய பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல். மாரிட்ஸ்பர்க் சிறையில் வாயில் வைக்க முடியாத சாப்பாடும் துணி துவைக்கும் வேலையும். தில்லையாடிக் குடும்பத்தின் மகள் வள்ளியம்மையும் அதே சிறையில் கிடந்தாள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த, 16 வயதுப் பெண். காய்ச்சலோடு வெளியே வந்தவளைக் காந்தி பார்க்கப் போனபோது, நெடிய உடம்பு வற்றிப் படுக்கையில் கிடந்தது. சிறை போனதற்கு வருந்துகிறாயா என்று கேட்டார். இல்லை, மறுபடி கூப்பிட்டாலும் போவேன் என்றாள். 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். இன்னும் மணமாகாத பெண் அவள். வைப்பாட்டி என்ற பட்டம் அவளைத் தொட்டிருக்க முடியாது. தன் தாய் வயதுப் பெண்களுக்காகப் போனாள். மனச்சாட்சி என்ற சொல்லுக்கு இதைவிடக் கிட்டே போக முடியாது என்று தோன்றுகிறது.

ஆனால் அதே மனச்சாட்சிக்குக் கேட்காமல் போன குரல்களும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது வள்ளியம்மைக்கே செய்யும் துரோகம். 1913 ஜூன் 19 அன்று, சேர்ல் தீர்ப்பு வந்து மூன்று மாதம் முடிந்த சூட்டோடு, நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதத்தைத் தவிர மற்ற இடங்களில் கறுப்பின மக்கள் நிலம் வாங்கக் கூடாது என்ற சட்டம் வந்தது. மண்ணின் பெரும்பான்மை மக்களுக்கு மண் இல்லாமல் போனது. அதே ஆண்டு புளூம்ஃபொன்டெய்ன் நகரில் கறுப்பினப் பெண்கள் அனுமதிச் சீட்டு வைத்திருக்க மறுத்துச் சிறைக்குப் போனார்கள். இரு பக்கமும் பெண்கள், இரு பக்கமும் சீட்டு, இரு பக்கமும் சிறை. இரண்டும் ஒன்று சேரவில்லை. பீனிக்ஸ் ஆசிரமத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் ஜான் டூபேயின் ஒலாங்கே பள்ளி இருந்தது. 1912இல் தொடங்கிய தென்னாப்பிரிக்கப் பூர்வகுடித் தேசியக் காங்கிரஸின் முதல் தலைவர் அவர். தொடக்க காலத்துக் காந்தியின் எழுத்துகளில் ஆப்பிரிக்கரைத் தாழ்த்தும் சொற்கள் உண்டு. டர்பன் அஞ்சலகத்தில் வெள்ளையருக்கு ஒரு வாசல், ஆப்பிரிக்கருக்கும் ஆசியருக்கும் ஒரு வாசல் என்று இருந்தபோது நேட்டால் இந்தியக் காங்கிரஸ் அதை எதிர்த்தது. அதன் பலனாகக் கிடைத்தது, மூன்றாவது வாசல்.

ஆப்பிரிக்கப் பெண்களின் திருமணமும் இதே கத்தியால்தான் அறுபட்டிருந்தது. மாடுகளைச் சீராகக் கொடுத்து, இரு குடும்பமும் கூடிப் பேசி நடத்தும் அவர்களுடைய மரபுத் திருமணத்தையும், பலதாரத்துக்கு இடமுண்டு என்று சொல்லியே பொதுச் சட்டம் முழுத் திருமணமாக ஏற்க மறுத்தது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் பல லட்சம். 'எங்கள் திருமணம்' என்று ஒரு கூட்டம் கதறியபோது, பக்கத்துக் குடிசையின் திருமணத்துக்கும் அதே கதிதான் என்பது அதன் கண்ணில் படவில்லை. தன் காயம் ஒருவரை விழிக்க வைக்கலாம். எல்லார் காயத்துக்கும் விழித்திருக்க அது மட்டும் போதுமா என்பது இந்த வரலாறு விடாமல் கேட்கும் கேள்வி.

1914 ஜூலையில் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுன் வரி ஒழிந்தது. இந்திய முறைத் திருமணத்துக்கு ஏற்பும் கிடைத்தது, ஒருவருக்கு ஒரு மனைவி என்ற அளவில், பதிவு என்ற நிபந்தனையோடு. போராட்டம் வென்றது என்று எழுதிவிட்டுப் பல நூல்கள் இங்கே முற்றுப்புள்ளி வைக்கின்றன. கதை முடியவில்லை. பதியாத இஸ்லாமியத் திருமணம் பொதுக் கொள்கைக்கு விரோதம் என்று 1983இலும் அந்நாட்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவே 1949இல் நடந்ததுதான் 1913ஐப் புரியவைக்கிறது. முந்தைய ஆண்டு பிரதமரான டி. எஃப். மலான், டச்சுச் சீர்திருத்தச் சபையில் போதகராக இருந்தவர். அவருடைய அரசு கலப்புத் திருமணத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. வெள்ளையரும் வெள்ளையர் அல்லாதவரும் மணந்தால் செல்லாது. இருவரும் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்களாக இருக்கலாம். தேவாலயத்தில், பலிபீடத்துக்கு முன்னால், பாதிரியார் கைகளைச் சேர்த்து வைத்திருக்கலாம். ஒருவருக்கொருவர் மட்டுமே என்று சத்தியம் செய்திருக்கலாம். செல்லாது. நடத்தி வைத்த பாதிரியாருக்கும் தண்டனை. 1913இல் நெருப்பும் நிக்காஹும் போதவில்லை என்றவர்களின் வாரிசுகளுக்கு, 36 ஆண்டு கழித்துக் கிறிஸ்துவின் சாட்சியும் போதவில்லை. ஒருதார மணத்தின் புனிதம் என்று முன்னே பேசியதெல்லாம் எதற்காக என்பது அந்த இடத்தில் வெளிச்சத்துக்கு வருகிறது. அவர்கள் காத்தது மதத்தை என்றால் இந்தச் சட்டம் வந்திருக்காது. அந்தத் தடை 1985 வரை நீடித்தது.

இனவெறி ஆட்சிக்கு வேதத்திலிருந்து நியாயம் எடுத்துக் கொடுத்த அந்த டச்சுச் சீர்திருத்தச் சபைக்குள்ளும் சிலருக்கு உறுத்தியது. 1982இல் உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, ஒட்டாவாவில் கூடி, இனஒதுக்கலுக்குச் சமய நியாயம் சொல்வதே வேதப்புரட்டு என்று அறிவித்தது. 1990இல் ருஸ்டன்பர்க் மாநாட்டில் இறையியலாளர் வில்லி யோங்கர் தன் பாவத்தையும் தன் சபையின் பாவத்தையும் எல்லார் முன்னிலையிலும் அறிக்கையிட்டார். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு எழுந்து அந்த மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். அவர் அவசரப்பட்டுவிட்டார் என்று கறுப்பின மக்களில் பலர் வருந்தினார்கள். அவர்கள் வருத்தத்திலும் நியாயம் இருந்தது.

ஜனநாயகம் வந்த பிறகும் அந்தப் பழைய வேலி ஒரேயடியாக விழவில்லை. ஆப்பிரிக்க மரபுத் திருமணங்களுக்கு 1998இல் சட்டம் வந்தது. இஸ்லாமிய முறைப்படி மணந்து, உயில் எழுதாமல் இறந்துபோன கணவரின் வீட்டை இழக்கும் நிலையில் இருந்த கேப் டவுன் பெண் ஒருவர், தானும் 'வாழ்க்கைத் துணை' என்ற சொல்லுக்குள் வருவேன் என்று அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய் 2004இல் வென்றார். டர்பனில் ஓர் இந்து விதவைக்கும் அதே போன்ற தீர்ப்பு சில ஆண்டுகளில் கிடைத்தது. 2022 ஜூன் 28 அன்றுதான், பதியாத இஸ்லாமியத் திருமணங்களை ஏற்காத திருமணச் சட்டமும் விவாகரத்துச் சட்டமும் அந்த அளவுக்கு அரசியல் சாசனத்துக்கு முரண் என்று அந்த நீதிமன்றம் அறிவித்தது. பாய் மரியம் வழக்கு முடிந்து 109 ஆண்டுகள் ஆகியிருந்தன.

டர்பனில் அரசு அனுமதி பெற்ற இந்துப் பூசாரிகள் இன்று திருமணத்துக்கு வரும்போது பதிவேட்டையும் கையோடு கொண்டு வருகிறார்கள். தாலி ஏறியதும், ஓமத்தீ அடங்குவதற்குள், மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போடுகிறார்கள்.