வலி யாருடையது?

தேக்கா பக்கத்துப் பெரியவர்களுக்குப் பிரசவம் என்றால் 'கண்டாங் கெர்பாவ்'தான், இன்றைய கேகே மருத்துவமனை. 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸ் சாதனை ஆனது. அத்தனை தாய்மாரின் வலியைப் பற்றி நாம் பேசுவதில்லை.

அக்காவுக்கு அடுத்த மாதம் பிரசவம். முதுகில் மெல்லிய குழாய் வழியே மருந்து செலுத்தும் எபிடியூரல் வேணுமா வேணாமான்னு வீட்டில் ஆளாளுக்குத் தீர்ப்பு. "நாங்க வலியோடதானே பெத்தோம்" என்கிறார் பெரியம்மா. "ஆயுசுக்கும் முதுகுவலிதான்" என்கிறார் மாமா; அவர் எத்தனை பெற்றாரோ! நீண்டகால முதுகுவலி அதனால் வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. இரத்த அழுத்தம் இறங்கலாம், முக்கும் நேரம் நீளலாம். டாக்டரிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.

வலி புனிதம் என்றால் திருச்சி தாயுமானவர் கதையை என்ன செய்வது? காவிரியில் வெள்ளம், தாய் வந்து சேரவில்லை. தவித்த இரத்னாவதிக்குச் சிவபெருமானே தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார். 'பொறுத்துக்கொள், புண்ணியம்' என்று உபதேசம் செய்யவில்லை.

அதற்காக ஊசி போட்டே ஆகணும்னு சொல்லவில்லை. வேண்டாம் என்பதும் அக்காவின் உரிமை. ஆனால் அத்தான், "அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்கிறாரே, அதுதான் இடிக்குது. சனிக்கிழமை பிரசவ வகுப்புக்கு அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன், ஓவர்டைம் இருக்காம்.