வரப்பில் யார் இறங்குவது?

ஒரு சின்னக் கேள்வி. அதிகம் யோசிக்காமல் பதில் சொல்லுங்கள்.

தாராசுரம் பக்கம் ஒரு வாய்க்கால் கரை. அகலம் மூன்று அடி இருந்தால் அதிகம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சேறடித்த வயல். நீங்கள் கியர் சைக்கிளில் வருகிறீர்கள். எதிரே ஒரு அம்மா, தலையில் நாற்றுக்கட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட வருகிறார். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் கடக்க முடியாது. யார் ஒதுங்க வேண்டும்?

'இதில் என்ன சந்தேகம், நான்தான்' என்று சொல்லியிருப்பீர்கள். ஆனால் நிஜத்தில் நடப்பது என்ன? சைக்கிள்காரர் மணி அடிக்கிறார். அந்த அம்மா சேற்றில் இறங்கி நிற்கிறார். 'தேங்க்ஸ்மா' என்று ஒரு வார்த்தை காற்றில் வருகிறது. அவ்வளவுதான்.

இந்த வாரம் பேசப்போவது அந்த மணிச் சத்தத்தைப் பற்றித்தான்.

கரடுமுரடான பாதையில் சைக்கிள் ஓட்டுவது இன்று உலகம் முழுக்க ஒரு பெரிய விளையாட்டு. மவுண்டன் பைக்கிங் என்கிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். 2023 அக்டோபரில் இதற்கான ஆசியப் போட்டி நம் பக்கத்து வீட்டில், திருவனந்தபுரத்தை ஒட்டிய பொன்முடி மலையில் நடந்தது. பிரிட்டனில் வேல்ஸ் என்கிற மலைநாடு இதற்குப் பெயர்போன இடம். காட்டுக்குள் சைக்கிளுக்கென்றே பாதை வெட்டி, பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பச்சை என்றால் புதிதாகக் கற்றுக்கொண்டவர்களும் போகலாம். கறுப்பு என்றால் கைதேர்ந்தவர்கள் மட்டும்.

இதில் எனக்குப் பிடித்தது பாதையைவிட அங்கே உள்ள ஒரு சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைகள் போகிற பழைய கிராமத்துப் பாதைகளில் சைக்கிள் ஓட்டலாம் என்று 1968-ல் உரிமை கொடுத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை. நடந்து போகிறவருக்கும் குதிரையில் போகிறவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். உரிமையும் கடமையும் ஒரே பிரிவில்!

'அதெல்லாம் சரி சார், நம்ம டெல்டாவில் மலை எங்கே இருக்கு?' வாஸ்தவம்தான். தாராசுரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது கோயில் விமானமும் தென்னை மரமும்தான். ஆனால் காவிரி, அரசலாறு, திருமலைராஜன், முடிகொண்டான், குடமுருட்டி என்று எத்தனை ஆறு! ஆற்றுக்கு இரண்டு கரை. ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்காலுக்கு இரண்டு கரை. படுகையில் இறங்கி, மூங்கில் கொல்லைக்குள் புகுந்து, மதகு ஏறி, கரை பிடித்துப் போனால் மலைக்காரர்களே பொறாமைப்படுவார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள்.

தை அறுவடை முடிந்து, மாசி தொடங்கிக் கோடை வரைக்கும்தான் சரியான காலம். கரை காய்ந்து இறுகி இருக்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் மண்ணில் பிடிப்பு கிடைக்கும். ரொம்பக் குறைத்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் கடிபடும். சீமைக் கருவேல முள் இல்லாத கரையே கிடையாது; பஞ்சர் ஒட்டும் சாமான் இல்லாமல் கிளம்பாதீர்கள். கரையிலிருந்து படுகைக்கு இறங்கும்போது சீட்டில் உட்காராதீர்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, முழங்கால் லேசாக மடங்க, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி நில்லுங்கள். முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் நிற்கும், நீங்கள் மட்டும் போய்க்கொண்டே இருப்பீர்கள்! இரண்டு பிரேக்கையும் பையப் பிடியுங்கள். எலி வளை, நண்டு வளை எங்கேயும் இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. கண் எங்கே போகிறதோ அங்கேதான் சக்கரம் போகும். 'ஐயோ, வாய்க்கால்!' என்று வாய்க்காலையே பார்த்தால் வாய்க்காலுக்குள்தான் விழுவீர்கள். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கரைமேல் ஓட்டவே ஓட்டாதீர்கள். நீங்கள் வழுக்கி விழுவீர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. ஊறிப்போன களிமண்ணில் டயர் போட்ட தடம் ஒரு சின்ன ஓடை. அடுத்த மழைத் தண்ணீர் அதில்தான் ஓடும், மண்ணை அரிக்கும். கரை பலவீனமாகிற இடத்தில் உடைப்பு எடுக்கும். உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை சந்தோஷம். அந்தப் பக்கத்து விவசாயிக்கு அது ஒரு போகச் சம்பா.

இங்கேதான் நம் கேள்வி ஆரம்பிக்கிறது.

பாதையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் யார் நிற்பது? முதலில் வந்தவருக்கு வழி என்பது ஒரு பதில். பெரிய வண்டிக்கு வழி என்பது இன்னொரு பதில். நம் ஊரில் நடைமுறையில் இருப்பது இதுதான். மலையில் ஓட்டுகிறவர்கள் வேறு பதில் வைத்திருக்கிறார்கள். ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். ஊட்டி மலைப்பாதையில் பஸ் டிரைவர்கள் பின்பற்றுவதும் இதைத்தான். நம் நாட்டுச் சாலை விதியிலும் இது இருக்கிறது.

ஏன் அப்படி? ஏறுகிறவர் பாதியில் நின்றால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. இறங்குகிறவர் பிரேக் பிடித்தால் போதும். மறுபடி கிளம்பப் பூமியே தள்ளிவிடும். ஆக, யார் பெரியவர், யார் முதலில் வந்தார் என்பது கணக்கே இல்லை. நிற்பது யாருக்குக் கஷ்டம் என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கை அப்படியே வாய்க்கால் கரைக்குக் கொண்டுவாருங்கள். தலையில் சுமையோடு சேற்றில் இறங்கி, அதே சுமையோடு மறுபடி கரை ஏற வேண்டும் அந்த அம்மா. நீங்கள் செய்ய வேண்டியது ஒரு காலை ஊன்றி, சைக்கிளைச் சாய்த்துப் பிடிப்பது. தீர்ப்பு சொல்ல ஹைகோர்ட் வேண்டுமா என்ன?

நான் படித்தது பி.காம். அந்தப் பாஷையில் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும். வேகத்தால் வருகிற லாபம் முழுக்க ஓட்டுகிறவருக்கு. இடித்துவிட்டால் வருகிற நஷ்டம் பெரும்பாலும் நடக்கிறவருக்கு. லாபம் ஒருவர் கணக்கிலும் நஷ்டம் இன்னொருவர் கணக்கிலும் எழுதப்பட்டால் அதை வியாபாரம் என்று சொல்ல முடியாது. அதற்கு வேறு பெயர்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோயில். முன்மண்டபத்தையே ஒரு தேராகச் செய்திருப்பார்கள். கல்லில் சக்கரம், கல்லில் குதிரை. கட்டியவன் இரண்டாம் ராஜராஜன். அவனுடைய அப்பா இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்தான் சேக்கிழார் பெரியபுராணம் எழுதினார். அந்தப் பெரியபுராணத்தில் ஒரு தேர் வருகிறது. திருவாரூர்த் தெருவில் இளவரசன் ஓட்டிப் போன தேர். கன்றுக்குட்டி ஒன்று துள்ளி வந்து சக்கரத்தில் சிக்கிச் செத்தது. தாய்ப்பசு அரண்மனை வாசலில் மணியை அடித்தது.

மனுநீதிச் சோழன் பிள்ளையையே தேர்க்காலில் இட்டான் என்கிற முடிவை விட்டுவிடுவோம். இன்று எந்த அப்பாவும் அப்படிச் செய்ய வேண்டாம், எந்தக் கோர்ட்டும் ஒப்புக்கொள்ளாது. நாம் பார்க்க வேண்டியது அந்த வழக்கை. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. கன்றுதான் குறுக்கே வந்தது. இன்றைக்கு எந்த விபத்தை எடுத்துக்கொண்டாலும் முதலில் வருகிற வாக்கியம் அதுதானே? 'குறுக்கே வந்துட்டாங்க சார்!' அமைச்சர்களும் பரிகாரம் செய்து முடித்துவிடலாம் என்றுதான் சொன்னார்கள். ராஜா ஏற்கவில்லை. தெருவில் தேர் போகிறது, கன்றும் போகிறது. தேரை நிறுத்தக் கடிவாளம் இருந்தது. கன்றுக்கு என்ன இருந்தது?

வேகம் யாரிடம் இருக்கிறதோ, பொறுப்பும் அவரிடம்தான். அந்தக் கதையில் எனக்குக் கேட்பது அதுதான்.

இதைத் தஞ்சாவூர்ச் சீமையில் வைத்துப் பேசும்போது இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. 'ஒதுங்கு' என்கிற வார்த்தைக்கு இங்கே ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. ஒரு காலத்தில் வரப்பில் யார் இறங்குவது என்று தீர்மானித்தது சாதி. பண்ணையார் காய்ந்த மண்ணில் போவார், பண்ணையாள் சேற்றில் நிற்பார். செருப்புப் போடாதே, எங்கள் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்றெல்லாம் தமிழ்நாட்டில் பல கிராமங்களில் கட்டுப்பாடு இருந்தது. இன்னமும் எங்கிருந்தாவது அப்படி ஒரு செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. 1924-ல் வைக்கத்தில் பெரியார் ஜெயிலுக்குப் போனது கோயிலுக்குள் நுழைவதற்காக அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள ரோட்டில் எல்லோரும் நடப்பதற்காக.

பெண்களுக்கும் பாதை சும்மா கிடைக்கவில்லை. பக்கத்தில் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். ஊர் கேலி செய்தது. அவர்கள் பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது அந்த நாற்றுக்கட்டைச் சுமந்து வருகிற அம்மாவை மறுபடி பாருங்கள். தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் இறங்கி நின்றவர்களின் பேத்தியாக அவர் இருக்கலாம். உங்கள் மணிச் சத்தம் கேட்டதும் யோசிக்காமல் இறங்குகிறாரே, அதை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறீர்களா? பழக்கம் அது. உங்களுக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய 'ஒதுங்கு' உங்கள் சைக்கிள் மணிக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டால் அந்த அம்மாவின் காதில் இரண்டும் ஒன்றாகத்தானே விழும்?

'சார், நடு ரோட்டில் செல்போன் பேசிக்கொண்டு போகிறவருக்கும் நான்தான் ஒதுங்கணுமா?' நியாயமான கேள்வி. அவர் செய்வது தப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய தப்பு அவர் கணக்கில் ஏறட்டும். உங்கள் வேகம் உங்கள் கணக்கில்தான் நிற்கும். அவர் தப்பு செய்தார் என்பதால் உங்கள் கையில் இருக்கிற பிரேக் வேலை செய்யாமல் போய்விடுவதில்லை.

இன்னும் சந்தேகமாக இருந்தால் அந்தச் சைக்கிளை கும்பகோணம்-தஞ்சாவூர் ரோட்டுக்குக் கொண்டுபோங்கள். பின்னால் ஏர்ஹாரன் அலற பஸ் வரும். நீங்கள் அலறியடித்துக்கொண்டு மண்ணில் இறங்குவீர்கள். அப்போது அந்த டிரைவரைப் பற்றி மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்வீர்கள் பாருங்கள், அதை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது! வாய்க்கால் கரையில் நீங்கள்தான் அந்த பஸ்.

அறுவடை நேரத்தில் கிராமத்துத் தார் ரோட்டில் நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் வாங்கத் தயங்குவார்கள். பல ஊர்களில் காயவைக்க வேறு களமும் இல்லை. 'ரோடு என்ன இவங்க அப்பன் வீட்டுதா?' என்று சிலர் நெல்லின் மேலேயே ஏற்றிப் போகிறார்கள். ரோட்டில் போடுவது சரியா என்று விவாதிக்கலாம், தப்பில்லை. ஆனால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நாற்பது அடி தள்ளிக்கொண்டு போவதற்கு விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆட்டு மந்தை வந்தாலும், வாத்துக் கூட்டம் வந்தாலும் அதே கதைதான். நின்றுவிடுங்கள். மேய்க்கிறவர் பேச்சுக் கொடுப்பார். அந்த வழியில் எந்த மதகு உடைந்திருக்கிறது என்று எந்த மேப்பையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அப்படியானால் மணியே அடிக்கக் கூடாதா? தாராளமாக அடிக்கலாம். வளைவில் அடியுங்கள், மூங்கில் மறைவில் அடியுங்கள், பின்னாலிருந்து வரும்போது தூரத்திலேயே ஒரு தடவை அடியுங்கள். 'நான் வருகிறேன், பயப்படாதீர்கள்' என்பதற்கு ஒரு தடவை போதும். இரண்டாவது, மூன்றாவது தடவை அடிக்கும்போதுதான் அதன் அர்த்தம் 'தள்ளு' என்று மாறிவிடுகிறது.

நம் முன்னோர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. அகநானூற்றின் நான்காவது பாட்டு, குறுங்குடி மருதனார் எழுதியது. தலைவன் காதலியைப் பார்க்க அவசரமாகத் தேரில் திரும்பி வருகிறான். கார்காலம், காடெல்லாம் பூ. பூவில் தேன் குடிக்கிற வண்டுகள் சத்தம் கேட்டுக் கலங்கிவிடுமே என்று தேர் மணிகளின் நாக்கைக் கட்டிவிட்டு வருகிறானாம். இருக்கிற அவசரத்திலும் அவனுக்கு வண்டுகளைப் பற்றிய நினைப்பு! திருவாரூரில் ஒரு பசு மணியை அடித்து நியாயம் கேட்டது. இவனோ, யாரும் நியாயம் கேட்க வேண்டிய நிலைமையே வராதபடி மணியைக் கட்டிவிட்டான்.

நாம் வண்டுவரைக்கும் போக வேண்டாம். மனுஷர்களோடு நிறுத்திக்கொள்வோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறீர்களா? நல்லது. விடியற்காலையில் கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், ஹெல்மெட் போடுங்கள். சைக்கிள் மணி வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன்னால் பிரேக் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.