எவ்வேலையைக் கேட்பது?

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டபின், அவ்வூர் வாலிபர் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலை தேடி வருகின்றனர். அவருள் ஒருவர் நம்மிடம், "ஐயா, எந்த வேலையைக் கேட்பதென்றே தெரியவில்லை" என்று நாணத்துடன் கூறினார். நாணுதற்கு இதில் யாதுளது? அவர்தம் முன்னோர் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் வாழ்ந்த நாளில் அக்கேள்வியே எழவில்லை. பிறப்பே விடை கூறிற்று. சுரங்கத்திலோ, தந்தை இறங்கிய குழியில் மகனும் இறங்கினான். தொழில் மாற விடாத சாதியமைப்பே வேலையின்மைக்கு நேரான காரணமாகிறதென்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் காட்டினார்.

நாம் ஆலையில் புகுந்ததும் விரும்பியன்று, பசியால். ஆண்டுகள் சில சென்றபின்னரே, பழுதான தறியைச் சீர்செய்வதில் நமக்கொரு விருப்பமுண்டென்று அறிந்தோம். ஆகவே, கிடைக்கும் நேர்மையான வேலையில் முதலிற் சேருங்கள், விருப்பம் பின்னர் வரலாம் என்றோம்.

"அப்படியாயின் மதுக்கடையில் கணக்கெழுதப் போகலாமா?" என்றார்.

ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிகத்தைப் பகவன் விலக்கினார். இன்னாருக்கு இன்ன தொழிலென்று பிறப்பால் விதித்தாரில்லை. கணக்கெழுதுதல் விற்றலாகுமோ என வாதிப்போர் உளர். ஆகும் என்பதே நம் துணிபு. வேண்டாமென்றோம்.

"இம்மாத வாடகை?" என்றார்.

அரிசிக்குச் சங்கத்தார் கூடி வழிசெய்தோம். வாடகைக்கு இன்னும் வழி காணவில்லை.