கலைக்கும் ஒரு பாடவேளை

1901-இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கிய தாகூர், பாட்டையும் நாடகத்தையும் கல்விக்கு வெளியே நிறுத்தவில்லை. மாணவர்களுக்காகவே நாடகங்கள் எழுதினார். அவர்களோடு சேர்ந்து தாமும் நடித்தார்.

வேடமேற்கும் குழந்தை, இன்னொருவரின் துயரத்தைத் தன் குரலில் சொல்லிப் பார்க்கிறது. தன் முறை வரும்வரை காத்திருக்கவும், வசனம் மறந்த தோழனுக்கு அடியெடுத்துக் கொடுக்கவும் பழகுகிறது. வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை, பறையடித்து ஆடும்போது நிமிர்ந்து நிற்கிறது.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. அதன் போட்டிகளில் வெல்பவர்கள் சிலரே. ஆனால் ஆடவும் பாடவும் உரிமை எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. ஆண்டு விழாவுக்கு மட்டும் திறக்கும் மேடையை வாரந்தோறும் திறப்போம். தேர்வு நெருங்குகிறதென்று கலைப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிட வேண்டாம்.