உள்ளங்கைச் சூடு

1979 மார்ச் 11ஆம் தேதி, சீனாவின் சிச்சுவான் நாளிதழில் ஒரு செய்தி வந்தது. தாசூ வட்டாரத்தில் டாங் யூ என்று பன்னிரண்டு வயதுப் பையன். தாளில் எதையாவது எழுதிச் சுருட்டி அவன் காதில் வைத்தால் போதும், என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறானாம். மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் கூடவே உட்கார்ந்து கவனித்தார்கள். பையன் கைமறைவில் தாளைப் பிரித்துப் பார்ப்பது தெரிந்துபோயிற்று. மே மாதம் பெய்ஜிங்கின் மக்கள் நாளிதழ் இந்தக் கதையைக் கேலி செய்து எழுதியது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதற்குள் ஊருக்கு ஊர் குழந்தைகள் காதால் படித்தார்கள், அக்குளால் படித்தார்கள். அவர்களைச் சோதிக்கப் பல்கலைக்கழகங்கள் முண்டியடித்தன. சிகுங் என்ற சீன மூச்சுப் பயிற்சியில் முதிர்ந்தவர்களுக்கு வருகிற ஆற்றல்தான் இந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது என்று ஒரு விளக்கமும் தயாரானது.

சிகுங் ஒன்றும் மாயச் சரக்கு இல்லை. மூச்சு, மெதுவான அசைவு, கவனம் மூன்றையும் சேர்த்துக் கட்டுகிற பயிற்சி. ஹூனான் மாகாணத்து மாவாங்துய்யில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றில் ஓவியம் தீட்டிய பட்டுத்துணி கிடைத்தது. அதில் 44 பேர் கையை நீட்டியும் இடுப்பை வளைத்தும் நிற்கிறார்கள். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. யாரும் பறக்கவில்லை.

இன்று நாம் காணும் சிகுங்குக்கு உருவம் கொடுத்தவர் லியூ குய்சென் என்ற கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர். 1940களின் கடைசியில் வயிற்றுப் புண்ணால் அவதிப்பட்டவர், மூச்சுப் பயிற்சி கற்றுக்கொண்டு தேறினார். கட்சி அதிலிருந்து சாமியையும் சடங்கையும் உரித்து எடுத்துவிட்டு, 1950களில் டாங்ஷானிலும் பெய்தாய்ஹேயிலும் சிகிச்சை நிலையங்கள் வைத்து நடத்தியது. கலாச்சாரப் புரட்சி வந்தபோது அதற்கும் மூடுவிழா. பிறகு 1970களில் குவோ லின் என்ற ஓவியர், புற்றுநோயிலிருந்து மீண்டவர், பெய்ஜிங் பூங்காக்களில் நோயாளிகளைக் கூட்டி மூச்சோடு நடக்கச் சொல்லிக்கொடுத்தார். அதுவரை சிகுங் என்பது நோயாளி தனக்குத் தானே செய்துகொள்வதுதான். வேர்ப்பவர் யாரோ அவருக்கே பலன்.

இது புரண்டது 1978இல். ஷாங்காய் அணுக்கரு ஆய்வு நிலையத்தில் கு ஹான்சென் என்ற ஆய்வாளர், ஒரு சிகுங் ஆசானின் கையிலிருந்து ஏதோ வெளிப்படுவதைக் கருவியால் அளந்துவிட்டதாக அறிவித்தார். ‘சி’ எனப்படும் உயிர்மூச்சு உடம்பை விட்டு வெளியே பாய்கிறது, அடுத்தவர் உடம்பில் புகுந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சியானது. கருவி காட்டியது அகச்சிவப்புக் கதிர். சூடுள்ள உடம்பு எதுவும் அதை வீசும். டீ ஆற்றுகிறவர் கையும் வீசும். உடம்பு தளரும்போது கையிலுள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன, உள்ளங்கை சூடாகிறது, அளவு ஏறுகிறது. அளந்ததில் பிழை இருக்க வேண்டியதில்லை. அதை வைத்துச் செய்த முடிவில்தான் எல்லாக் கோளாறும்.

அந்த முடிவுக்குக் கிடைத்த பெரிய மனிதரின் துணையைச் சொன்னால் இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. சியான் சுவேசென், அமெரிக்காவின் கால்டெக்கில் பேராசிரியராக இருந்து 1955இல் நாடு திரும்பியவர், சீன ஏவுகணைத் திட்டத்தின் தந்தை. அவர் இதை ‘மனித உடல் அறிவியல்’ என்ற புதிய துறையாகவே தூக்கி நிறுத்தினார். மூடிய குப்பியை உதறி உள்ளிருக்கும் மாத்திரையை வெளியே எடுப்பதாகச் சொன்ன ஜாங் பாவ்ஷெங், விண்வெளி மருத்துவ ஆய்வு நிலையத்தில் இடம் பிடித்தார். பொருளியலாளர் யூ குவாங்யுவான் மட்டும் இது பித்தலாட்டம் என்று விடாமல் எழுதினார். 1982இல் கட்சியின் பிரச்சாரத் துறை இரண்டு தரப்பையும் அமைதிப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்தது: விளம்பரமும் வேண்டாம், விமர்சனமும் வேண்டாம், விவாதமும் வேண்டாம். கேட்க நடுநிலை போலத் தோன்றும். ஆனால் சந்தேகப்படுகிறவன் வாயை மூடினாலே வித்தைக்காரனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இவ்வளவு பெரிய அறிவாளி எப்படி ஏமாந்தார் என்று கேட்பவர்கள் உண்டு. ஏமாறுவதற்கு அவருக்கே அதிக வாய்ப்பு என்பேன். ராக்கெட் எரிபொருள் வெடிக்கும், கசியும். ஆனால் ஆய்வாளர் கண்ணில் மண்ணைத் தூவத் திட்டம் போடாது. இயற்கை எவ்வளவு மறைத்தாலும் சூது செய்வதில்லை. அந்த நாணயத்திலேயே பழகிப்போனவரின் எதிரில் ஒரு கைத்திறன்காரனை உட்காரவைத்தால், அவர் கருவியைத்தான் சரிபார்ப்பார், கையைப் பார்க்கமாட்டார். இதற்கு வேண்டியது இயற்பியல் அறிஞரல்ல, இன்னொரு வித்தைக்காரர்.

அப்படி ஒருவர் வந்தார். 1988இல் அமெரிக்க ஐயவாதிகள் குழு ஒன்று சீனாவுக்குச் சென்றது. அதில் மேடை வித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டியும் இருந்தார். ஒரு சிகுங் மருத்துவர் ‘சி’யைச் செலுத்தினால் அவருடைய நோயாளிப் பெண் படுத்த இடத்திலேயே நெளிவார், துடிப்பார் என்று காட்டப்பட்டது. பார்த்தவர்களுக்கு அது நடிப்பாகத் தோன்றவில்லை. குழு செய்தது சின்னக் காரியம். மருத்துவரை ஓர் அறையிலும் நோயாளியை இன்னோர் அறையிலும் வைத்தார்கள். இப்போது செலுத்தலாமா, சும்மா இருக்கலாமா என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். அந்தப் பெண் அப்போதும் நெளிந்தார். ஆனால் மருத்துவர் செலுத்திய நேரத்துக்கும் அவர் நெளிந்த நேரத்துக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை.

இந்தச் சோதனையை ‘மோசடி அம்பலம்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் அதைவிடப் பெரிய செய்தி இருக்கிறது. மருத்துவர் சும்மா இருந்தபோதும் அந்தப் பெண்ணின் உடம்பு துடித்தது பொய்யில்லை. அந்தத் துடிப்பு எங்கிருந்து வந்தது? அவருக்குள்ளிருந்தே வந்தது. எதிர்பார்ப்பு, பழக்கம், ஆசான்மேல் வைத்த பக்தி, தளர்ந்த தசை எல்லாம் சேர்ந்து அந்த உடம்பை ஆட்டியிருக்கின்றன. மருத்துவரும் வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவர் கையில் சூடு ஏறியிருக்கும், விரல் நுனி குறுகுறுத்திருக்கும், எதிரில் ஓர் உடம்பு ஆடியிருக்கும். இரண்டையும் முடிச்சுப் போடாமல் இருக்க எத்தனை பேரால் முடியும்? இருவர் உள்ளேயும் நடந்தது நிஜம். இடையில் ஏதோ பாய்ந்தது என்பது மட்டும்தான் இல்லாத சங்கதி.

அந்த ‘இடையில்’தான் 1980களின், 1990களின் கூத்து முழுவதும் நடந்தது. 1986–87இல் யான் சின் என்ற மருத்துவர், சிங்ஹுவா பல்கலைக்கழகத்து ஆய்வகத்தில் இருந்த தண்ணீரின் மூலக்கூறு அமைப்பைத் தொலைவிலிருந்தே மாற்றினார் என்றார்கள். தூரம் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வரை போயிற்று. அவர் பேசும் அரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் அழுதார்கள், சிரித்தார்கள், எழுந்து ஆடினார்கள். 1987 மே மாதம் வடகிழக்கில் தாசிங்ஆன்லிங் காடு பற்றி ஏறக்குறைய ஒரு மாதம் எரிந்தபோது, தீயை அணைத்ததில் அவர் ‘சி’க்கும் பங்கு உண்டு என்று சீடர்கள் பேசினார்கள். களத்தில் நின்று அணைத்த பல்லாயிரம் படைவீரர்களும் வனத் தொழிலாளர்களும் இதைக் கேட்டு என்ன நினைத்தார்களோ. 1990களில் பிரபஞ்சத்தின் செய்தியைப் பிடிக்க அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரிசையாக அமர்ந்திருந்தவர்களின் படங்களை இன்றைக்குப் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கிராமத்துக் கூட்டுறவு மருத்துவ ஏற்பாடு 1980களின் தொடக்கத்தில் நொறுங்கிப்போன நாடு அது. மருத்துவமனைக்குப் பணம் கட்ட முடியாதவருக்குப் பூங்காவில் இலவசமாகக் கிடைத்தது மூச்சு. அதை நம்பியவர்களை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேடையில் தொண்டைக்குழியில் ஈட்டி முனையை வைத்து வளைத்துக் காட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் ஏமாற்று குறைவு, பயிற்சி உண்டு. ஆனால் அற்புதம் கிடையாது. நீண்டு மெலிந்த கோல் ஒரு குறிப்பிட்ட விசையில் வளையத் தொடங்கிவிடும். வளைந்த பிறகு எவ்வளவு தள்ளினாலும் வளைவுதான் கூடுமே தவிர, முனையில் அழுத்தம் பெரிதாக ஏறாது. முனை மழுங்கியது. கழுத்துத் தசையை இறுக்கிப் பிடித்து, மார்பெலும்பின் மேல்விளிம்பு சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும்படி வாகாகச் சாய்ந்து நிற்க வேண்டும், அதற்குத்தான் பயிற்சி. பார்க்கிறவர் கண்ணுக்கு வில்லாக வளைந்த கோல்தான் தெரியும். அந்த வளைவே அவரைக் காப்பாற்றுகிறது என்பது தெரியாது. தைரியம் மெய்தான், அதை மறுக்கவில்லை. நானாக இருந்தால் நிற்கமாட்டேன்.

மேடைக்கு வெளியே கதை வேறு. 2017 ஏப்ரலில் செங்டுவில், சிகுங்குக்கு உறவான தாய்ச்சி கலையின் ஆசான் வெய் லெய்யைக் கலப்புத் தற்காப்புக்கலை வீரர் சூ சியாவ்தோங் 20 விநாடிக்குள் தரையில் சாய்த்தார். சாய்ந்தவருக்கு அனுதாபமும், சாய்த்தவருக்குச் சமூக ஊடகக் கணக்கு முடக்கமும் கிடைத்தன.

அப்படியானால் மூச்சுக்கு எந்தச் சக்தியும் இல்லையா? இருக்கிறது, அளந்தும் இருக்கிறார்கள். 1982இல் ஹெர்பர்ட் பென்சன் குழு நேச்சர் இதழில் எழுதியது: தர்மசாலாவில் மூன்று திபெத்தியத் துறவிகள் தும்மோ என்ற மூச்சுத் தியானத்தால் தங்கள் கைகால் விரல்களின் வெப்பத்தை 8.3 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தினார்கள். முதியவர்கள் கீழே விழுவதைத் தாய்ச்சி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைக்கக்கூடும் என்று 2019இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. பறக்கிற மனிதனோடு ஒப்பிட்டால், விழாத கிழவி பெரிய செய்தியில்லைதான். ஆனால் இடுப்பெலும்பு முறிந்து படுத்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களிடம் கேட்டால் எது சித்தி என்று சொல்வார்கள். இந்த நிஜமான பலன்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் இருக்கிறது. பயிற்சி செய்தவரின் தோலோடு அவை நின்றுவிடுகின்றன. துறவியின் விரல் சூடாயிற்று. பக்கத்தில் இருந்தவர் விரல் சூடாகவில்லை.

பழைய சீனத்துக்கு இது தெரியாததல்ல. சுவாங் ட்ஸு என்ற பழைய தாவோ நூலில் ஒரு கதை. சாகும் நாளைத் துல்லியமாகச் சொல்லும் குறிகாரன் ஒருவனிடம் லியே ட்ஸு என்ற சீடர் மயங்கிப்போய், அவனைத் தன் ஆசானிடமே அழைத்து வருகிறார். ஆசான் ஒவ்வொரு நாளும் தன் மூச்சின் நிலையை மாற்றிக்கொண்டு உட்காருகிறார். முதல் நாள் குறிகாரன், இவர் பிழைக்கமாட்டார் என்கிறான். மறுநாள், பிழைத்துவிட்டார் என்கிறான். மூன்றாம் நாள், முகம் நிலையாக இல்லை, பார்க்க முடியாது என்கிறான். நான்காம் நாள் பார்த்ததுமே ஓடிவிடுகிறான். அதைக் கண்ட லியே ட்ஸு தான் இன்னும் எதையுமே கற்கவில்லை என்று உணர்ந்து வீடு திரும்புகிறார். மூன்று ஆண்டுகள் வெளியே வரவில்லை. மனைவிக்குச் சமைத்துப் போட்டார், மனிதருக்குப் பரிமாறுவதுபோலப் பன்றிக்குத் தீனி வைத்தார். கதை அவருக்குத் தரும் பரிசு அவ்வளவுதான்.

பௌத்தமும் இதில் கறார்தான். ராஜகிருகத்தில் கம்பத்து உச்சியில் கட்டியிருந்த சந்தனக் கிண்ணத்தைப் பறந்துபோய் எடுத்து வந்த சீடர் பிண்டோல பாரத்வாஜரைப் புத்தர் கண்டித்தார். கிண்ணத்தை உடைத்துக் கண் மைக்கு அரைக்கச் சொன்னதோடு, பாமரர் முன் சித்தி காட்டக்கூடாது என்று விதியும் வைத்தார் என்கிறது துறவியர் விதிநூலான விநயம். சித்தர் போகரைச் சீனத்தோடு சேர்த்தே பேசும் நமக்கும் இது அந்நியமில்லை. மதயானையை வசமாக்குவதிலிருந்து நீர்மேல் நடப்பதுவரை அடுக்கிக்கொண்டே போகும் தாயுமானவர், மனத்தை அடக்குவதைத்தான் அரியது என்கிறார். சித்தி உண்டா இல்லையா என்று இவர்கள் யாரும் வாதாடவில்லை. பார்ப்பதற்கு ஆள் கூடிய இடத்தில் பயிற்சி கெட்டுப்போகும் என்பதைத்தான் கண்டிருக்கிறார்கள். கூட்டம் சூட்டைக் கேட்காது, நெருப்பைத்தான் கேட்கும். உள்ளங்கைச் சூட்டோடு உட்கார்ந்திருந்தவர் நாளடைவில் நெருப்பை எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும்.

அங்கிருந்து உயிர்ச்சேதத்துக்கு அதிக தூரமில்லை. ‘மகா சிகுங் ஆசான்’ நாவலை எழுதிப் புகழ்பெற்ற கே யுன்லூ, 1998இல் ஹூ வான்லின் என்ற ‘தெய்வ வைத்தியரை’ எழுத்தில் ஏற்றிவைத்தார். ஹூவின் மருந்தில் சோடியம் சல்பேட் உப்பு அள்ளிக் கொட்டப்பட்டிருந்தது. நோயாளிகள் இறந்தார்கள். 2000ஆம் ஆண்டு அவருக்கு 15 ஆண்டுச் சிறை. வெளியே வந்தார், 2013இல் லுவோயாங் அருகே அவர் நடத்திய முகாமில் ஒரு கல்லூரி மாணவர் இறந்தார், மறுபடியும் 15 ஆண்டு.

உங்கள் ஊரில் யாராவது சிகுங் சொல்லிக்கொடுத்தால் தாராளமாகச் சேருங்கள். கை சூடாகும், தூக்கம் வரும், முழங்கால் கொஞ்சம் ஒத்துழைக்கும். சொல்லிக்கொடுப்பவர் தன் கையிலிருந்து உங்களுக்கு ஏதோ அனுப்புவதாகச் சொன்னால் சிரித்துக்கொண்டு உங்கள் மூச்சைக் கவனியுங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், கட்டிய பணம் போனால் போகட்டும், அன்றே நின்றுவிடுங்கள்.