அதிபத்தர் விட்ட மீன்

செம்பனையும் நெல்வயலும் சூழ்ந்த தாசேக் கெலுகோரில் வாழும் நமக்குக் கடல் கண்ணுக்கெட்டாததேயாயினும், நம் குழம்பில் வேகும் மீன், மூடா நதி கடலோடு கலக்குமிடத்தில், ஏலம் கேட்பவர் தம் விலையை மீனவரின் காதில் மட்டும் இரகசியமாய்ச் சொல்லும் கோல மூடாவின் ‘பாசார் பீசிக்’ சந்தையிலிருந்து வந்ததாகவும் இருக்கக்கூடுமாதலால், கடல் யாருடையது என்ற வினா நம்மையும் சேர்ந்ததே.

நம் முன்னோரில் பலர் இந்நாட்டுக்கு வர ரஜூலா கப்பலேறிய நாகப்பட்டினத்துக் கரையில்தான் அதிபத்த நாயனார் என்னும் பரதவர் வாழ்ந்தார். நாள்தோறும் தம் வலையில் விழுவனவற்றுள் ஒரு நல்ல மீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டுவந்த அவர், ஒற்றை மீனே அகப்பட்டுச் சுற்றத்தார் பசித்திருந்த நாட்களிலும் அந்த ஒன்றையே விட்டார் என்றும், பின்பு நவமணி இழைத்த பொன்மீன் அகப்பட்டபோதும் அவ்வாறே விட்டார் என்றும் சேக்கிழார் பாடுகிறார். இதனைப் பக்தியின் உச்சமென்று வியந்து நிறுத்திவிடுதல் போதாதென்பது என் அபிப்பிராயம். விடுவதற்கு முன் அந்த மீன் அவர் கையில் இருந்தது. விடும்படி எவரும் அவருக்குக் கட்டளையிடவுமில்லை. உரிமையுடையவன் தானே மனமுவந்து துறப்பதே தியாகம். உரிமையைப் பறித்துக்கொண்டு, வெறுங்கையோடு நிற்பவனைத் தியாகியென்று புகழ்வது அதர்மம்.

பினாங்குத் தீவின் தென்கரையில், 4,500 ஏக்கர் பரப்பில் மூன்று தீவுகளை மணலிட்டு எழுப்பும் திட்டத்தை எதிர்த்துச் சிறு படகு மீனவர் முறையிட்டதன்பேரில், அதன் சுற்றுச்சூழல் அனுமதி 2021-இல் ரத்தாயிற்று; ஆயினும் அத்திட்டம் 2023-இல் மீண்டும் அனுமதி பெற்று, ஒரு தீவாகச் சுருங்கி, வேலையும் தொடங்கிவிட்டது. இறாலும் நண்டும் வாழும் ஆழமற்ற சேற்றுக்கடல்தான் அங்கே நிலமாகிறது. அதே மாநிலத்தில், நிபோங் திபால் பக்கத்துச் சேற்றுக்கரைகளிலோ, 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை வந்து கண்டல் மரங்களின் அருமையை உலகுக்கு உணர்த்துவதற்குப் பல்லாண்டு முன்பே, கரையோர மீனவர்கள் தாமே முழங்கால் சேற்றில் இறங்கிக் கண்டற்கன்றுகளை நட்டுவந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள்; நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மாந்தர் யாவரும் பங்காளிகள் என்னும் நபிகள் நாயகத்தின் போதனையைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதிபத்தரின் சரித்திரத்தை அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் எடுத்த கடலுக்கே திருப்பிக் கொடுத்தலாகிய அதே விரதத்தை நான் அங்கே காண்கிறேன்.

ஆகவே கடலைக் காக்கும் விதிகளை வகுப்போர் முதலில் அம்மீனவரைச் சபையில் அமர்த்தி, எந்தக் கண்ணளவுள்ள வலை, எந்தப் பருவத்தில் ஓய்வு என்று அவர்கள் வாயாலேயே தீர்மானிக்கச் செய்யவேண்டும். கடலைத் தூர்ப்பதற்கு நஷ்டஈடு கொடுத்தோமே என்பாருண்டு. பொன்மீனையும் விட்டவரின் வழியைக் காட்டி, குடும்பத்தை எண்ணி அப்பணத்தைப் பெற்றுக்கொண்ட ஏழையைக் குறைகூற எனக்கு மனமில்லை. நாளை பிறக்கப்போகும் அவன் பேரனுக்கும் உரிய கடலுக்கு இன்றே விலை குறித்தவரையே நான் கேட்கிறேன்.